ஏழாவது கல்லுக்கும் எட்டாவது கல்லுக்கும் நடுவே

முந்தாநாள் உங்களையெல்லாம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆபீசுக்கு வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தம்பி ஒருவர் திரையில் ஒரு மலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிஜமாகவே தேய்த்தார். முகடு கரடுமுரடாக இருந்த இடத்தில் மவுஸை வைத்து இப்படியும் அப்படியும் இழுக்க இழுக்க அது வழுவழுவென்று ஆகிக்கொண்டே வந்தது. "இன்னும் கொஞ்சம் ஸ்மூத் பண்ணிட்டா முடிஞ்சுது மேடம், பார்க்க சூப்பரா இருக்கும்" என்றார். "அந்த இடம் அப்படித்தான் இருக்கா?" என்று கேட்டேன். "அங்க டேட்டா கொஞ்சம் மிஸ்ஸிங். சாஃப்ட்வேரே ஃபில் பண்ணிக்கும் மேடம்" என்று சிரித்தார்.

எனக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனேன். கிழவிக்கு மூக்கின் மேல் கோபம் என்று நீங்கள் பேசிக்கொண்டிருப்பீர்கள். உண்மையில் எனக்குத் தம்பியின் மேல் கோபமே இல்லை. அதே மாதிரி ஒரு நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. அதை நேரில் சொன்னால் குரல் உயர்ந்துவிடும், பாதியில் யாரையாவது திட்டிவிடுவேன். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன்.

எண்பதுகளின் கடைசி. தருமபுரியில் ஓர் அலுவலகத்தில் எனக்குத் தற்காலிக வேலை. கம்ப்யூட்டர் படித்த பெண் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். ஊரில் அப்போது கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களே கொஞ்சம் பேர். எங்கள் அலுவலகத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. அதற்குத் தனி அறை, தனித் திரைச்சீலை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த என் அத்தா, "அந்தப் பொட்டி அறைல தொழுகை நடத்துறாங்களா நசீமா, எல்லாரும் செருப்பக் கழட்டுறாங்களாமே?" என்று கேலி செய்வார். அந்த மரியாதை எனக்கும் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பியூனிலிருந்து பெரிய அதிகாரி வரைக்கும் அறைக்குள் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவார்கள். இருபத்து நான்கு வயதில் அது தலைக்கேறாமல் என்ன செய்யும்?

அந்த வருடம் மாவட்டப் பொருட்காட்சியில் எங்கள் அலுவலகத்துக்கும் ஒரு ஸ்டால். சித்தேரி மலைப்பக்கம் இரண்டு சிற்றூர்களுக்கு ரோடு போடுவது பற்றி அப்போது பேச்சு நடந்துகொண்டிருந்தது. நிஜப் பெயர் வேண்டாம், மேலூர், கீழூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்திலிருந்து நேராக ஏறி மேலூருக்குப் போவது ஒரு வழி. இதில் கீழூர் ஒதுங்கிப் போய்விடும், அந்த ஊருக்கு ரோடே கிடையாது. கீழூரைச் சுற்றிக்கொண்டு மேலூர் போவது இன்னொரு வழி. இது நீளம், ஆனால் இரண்டு ஊருக்கும் பஸ் வரும். எதை மேலே அனுப்புவது என்று முடிவாகவில்லை. "நேர் வழியை வெச்சு மலைய அப்படியே கம்ப்யூட்டர்ல கலர்ல காட்டிடும்மா. மெட்ராஸ்ல இருந்து பெரியவர் வர்றாரு, அசந்துடணும்" என்றார் எங்கள் அதிகாரி.

நான் எழுதிய புரோகிராம் இதுதான். அடிவாரத்திலிருந்து மேலூர் வரை நேர்க்கோட்டில் சர்வேக்காரர்கள் கல் நட்டு உயரம் குறித்து வைத்திருந்தார்கள். அந்த உயரங்களைக் கொடுத்தால், மலையைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பதுபோல் திரையில் கோடு ஏறும். கோட்டுக்குக் கீழே பச்சை, மேலே நீலம், பின்னால் மங்கலாக இன்னும் இரண்டு மலை வரிசை. ஆனால் கல்லுக்குக் கல் வெறும் கோடு இழுத்தால் பிள்ளைகள் வரைந்த மலைபோல் இருக்குமில்லையா? அதற்கு ஒரு வித்தை செய்தேன். இரண்டு கல்லுக்கு நடுவில் ஒரு புள்ளியை எடுத்து, கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு அதைக் கொஞ்சம் தூக்கும் அல்லது இறக்கும். பிறகு அந்தப் பாதிகளை மறுபடி பாதியாக்கி, மறுபடி தூக்கும், இறக்கும். இப்படியே போனால் நிஜ மலைபோல ஒரு முகடு வந்துவிடும். தொடக்கத்தில் ஓர் எண் கொடுக்க வேண்டும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே மலை வரும், வேறு எண் கொடுத்தால் வேறு மலை. இதெல்லாம் உங்களுக்குப் பால பாடம். அன்றைக்கு என்னைத் தவிர அந்தக் கட்டடத்தில் யாருக்கும் இது தெரியாது.

சர்வேக்காரர்கள் ஏழாவது கல் வரை அடிவாரத்திலிருந்து ஏறியிருந்தார்கள். அதற்கு மேல் புதரும் தேன்கூடும் என்று இறங்கிவிட்டு, இன்னொரு நாள் மேலூர்ப் பக்கமிருந்து வந்து எட்டாவது கல்லை நட்டிருந்தார்கள். அந்த இரண்டு கல்லுக்கும் நடுவில் தூரம் அதிகம். அங்கே அளவு எதுவும் இல்லை. எனக்கு அது குறையாகவே படவில்லை, புரோகிராம் விளையாட நல்ல இடம் கிடைத்தது என்றுதான் நினைத்தேன்.

விளையாடினேன். என் கை சும்மா இருக்கிற கையே இல்லை. ஒவ்வோர் எண்ணாகக் கொடுப்பேன், மலை வரும், பிடிக்காது, அடுத்த எண். ஒன்றில் முகடு ரம்பம்போல வரும். ஒன்றில் நடுவில் மொட்டையாக ஒரு மேடு எழும்பும். கரடுமுரடைக் குறைத்தேன், பச்சையை மாற்றினேன், சரிவில் அழகுக்கு ஒரு மரம்கூட வைத்தேன். மூன்று வாரம் இதே வேலை. கடைசியில் ஓர் எண்ணுக்கு அப்படி ஒரு சரிவு வந்தது பாருங்கள், ஏழாவது கல்லிலிருந்து எட்டாவது கல்லுக்கு மெத்தென்று ஏறிப் போயிற்று. அந்த எண்ணைக் காலண்டர் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அன்று முழுக்க அலுவலகத்தில் யார் வந்தாலும் கூட்டிவந்து காட்டினேன்.

அதிகாரியும் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அட, மலை இவ்ளோ சாதுவாவா இருக்குது? அப்ப என்னத்துக்குச் சுத்தணும்? நேரா போட்டுட வேண்டியதுதான்" என்றார்.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'சார், அந்தச் சரிவு நிஜமில்லை, எனக்குப் பிடித்த எண்ணுக்கு வந்தது' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. என் படத்தைப் பார்த்து ஒரு பெரிய மனிதர் முடிவெடுக்கிறார் என்று உள்ளுக்குள் பூரித்துப்போய் நின்றேன். எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருப்பது இந்த நிமிடம்தான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

மறுநாள் அறைக்குள் ஒருத்தி செருப்போடு வந்தாள். எங்கள் அலுவலக ட்ரேசர். வரைபடங்களின் மேல் மெல்லிய தாளை வைத்து மையால் நகல் எடுக்கிற வேலை அவளுக்கு. என் வயதுதான். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் போன் போட்டுத் திட்டுவாள். கம்ப்யூட்டர் வந்தால் தன் வேலை போய்விடும் என்று அவளுக்குப் பயம், அந்தப் பயத்தில் என்னோடு பேசுவதே இல்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக உள்ளே வந்தாள்.

"நேர் வழிய மேப்புல ஏத்தச் சொல்லிட்டாரு. எங்க மேப்புல ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல வெள்ளையா இருக்குது. உன் படத்துல பச்சையா இருக்குது. எங்கிருந்து வந்துச்சு?"

"கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச்சு."

"எதை வெச்சு?"

"அதெல்லாம் சொன்னா உனக்குப் புரியாது."

"புரியலைன்னே வெச்சுக்க. அளக்காத எடத்துல நாங்க புள்ளிக்கோடுதான் போடுவோம். அதுவும் தெரியலைன்னா வெள்ளையா உட்டுருவோம். எங்க தொழில்ல முதல்ல அடிச்சு சொல்லித்தர்றதே அதுதான். உங்க தொழில்ல என்ன சொல்லித்தர்றாங்க?"

"செருப்பக் கழட்டிட்டு வரணும்னு சொல்லித்தர்றாங்க" என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள். அவள் திரும்பிப் போய்விட்டாள். நான் மறுபடியும் பச்சையைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். ஆனால் அன்றைக்குச் சரியாகவே வரவில்லை. எதைத் தொட்டாலும் ஏற்கெனவே இருந்ததே மேல் என்று தோன்றியது. எழுந்து நடப்பேன், உட்காருவேன், மறுபடி எழுவேன். மனசு எதையோ கேட்டுக்கொண்டிருந்தது, நான் காதில் வாங்காமல் கையை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பொருட்காட்சி தொடக்க நாள் வந்தது. மெட்ராஸ் பெரியவர் சாயங்காலம் நான்கு மணிக்கு வருவதாக ஏற்பாடு. நான் காலை ஒன்பதுக்கே ஸ்டாலில் கம்ப்யூட்டரை வைத்து, வயரெல்லாம் இழுத்து, படத்தை ஓட்டிப் பார்த்தேன். எங்கள் ஸ்டாலின் வரைபடங்களை மாட்டுவதற்கு ட்ரேசரும் வந்திருந்தாள். மாலை போட இரண்டு ஊரிலிருந்தும் ஆட்களை வரச்சொல்லியிருந்தார் அதிகாரி. மேலூர்க்காரர்கள் மதியம்தான் வந்தார்கள். கீழூரிலிருந்து ஒரே ஓர் அம்மா, பத்து மணிக்கே வந்துவிட்டார். விடிவதற்கு முன்னே இறங்கி, அடிவாரத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்தாராம். பெயர் காளியம்மாள், வயது நாற்பத்தைந்து இருக்கும். மடியில் ஒரு துணி மூட்டை. சாமை கொண்டுவந்திருந்தார், மகளுக்கு.

என்னை டீச்சர் என்று நினைத்துக்கொண்டார். "மக இங்கதாங்க டீச்சரம்மா, அதியமான்கோட்டையில கட்டிக் குடுத்திருக்கறேன். இப்ப மாசமா இருக்குறா. தலைப்பிரசவத்துக்குத் தாய் வூட்டுக்கு அழைக்கப் போனேன். 'ரோடு இல்லாத ஊருக்கு எப்படிங்க அனுப்பறது, நடுவழியில வலி வந்தா என்ன பண்றது'ன்னுட்டாரு சம்மந்தி. தப்பு சொல்ல முடியுங்களா? நாங்களே தூக்கிட்டு எறங்கின கதையெல்லாம் இருக்குது. இவ இதுக்கு வரமாட்டா. ஆனா இன்னிக்கு ரோடு எழுதிட்டாங்கன்னா அடுத்ததுக்காவது வருவா. அதான் நானே வந்துட்டேன்."

கீழூரை ஒதுக்கிவிட்டு நேர் வழி எழுதியாகிவிட்டது என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பேச்சை மாற்றுவதற்காக, "இங்க பாருங்கக்கா, உங்க மலை" என்று திரையைக் காட்டினேன்.

முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு அடிவாரத்துக் கல்லைக் காட்டினேன். பிடித்துக்கொண்டார். விரலைத் திரையில் வைத்து, கோட்டின் மேலேயே ஏறினார். "இங்க பாறை. செரி. இங்க பொரச மரம் இருக்கும். செரி. இது மேடு, மூச்சு வாங்கும், செரிதாங்க" என்று ஒவ்வொரு கல்லையும் தாண்டினார். ஏழாவது கல்லுக்கு வந்தார். அங்கேயிருந்து பச்சைச் சரிவில் விரல் ஏறியதும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"இது எங்க மலை இல்லீங்க."

"அதே மலைதான்க்கா."

"இங்க பள்ளமுங்க டீச்சரம்மா. கீழ பாத்தா மரத்தோட தலை தெரியும், அவ்ளோ பள்ளம். ஆடு உழுந்தா போச்சுன்னு உட்டுட்டு வந்துருவோம். அதனாலதானே எல்லாரும் எங்க ஊரச் சுத்திப் போறது? நீங்க இங்க மரமெல்லாம் வெச்சிருக்கீங்க!"

என் பின்னால் வரைபடம் மாட்டிக்கொண்டிருந்த ட்ரேசர் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து நின்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வருத்தத்திலும் என் கை என்ன செய்தது தெரியுமா? கீபோர்டுக்குப் போனது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு புள்ளியை நானே போட்டு, உயரத்தைக் குறைத்து ஓட்டினேன். திரையில் ஒரு பள்ளம் வந்தது. "இப்படியாக்கா?" என்றேன். "இல்லீங்க, இன்னும்." குறைத்தேன். "இன்னும்." மறுபடி குறைத்தேன். பள்ளத்தின் அந்தக் கரை கொஞ்சம் அசிங்கமாக இருந்தது, அதையும் சரி செய்தேன்.

"இப்ப மட்டும் அளந்துட்டியா?" என்றாள் ட்ரேசர்.

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். ஆனால் அவள் சாதாரணமாகக் கேட்டாள். என் கை அப்படியே நின்றது. சரிவும் நான் போட்டது, பள்ளமும் நான் போட்டது. காளியம்மாள் சொல்வது சத்தியம்தான். ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், பாலம் கட்ட முடியுமா முடியாதா என்பதெல்லாம் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்தப் படத்தையும் ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார், 'அட, இவ்வளவுதானா பள்ளம்' என்பார்.

"என்ன பண்ணலாம்?" என்று அவளிடம்தான் கேட்டேன். எங்கள் அலுவலகத்தில் என்னோடு பேசாத ஒரே ஆளிடம்.

"தெரியலைன்னா வெள்ளையா உட்டுருவோம்" என்றாள்.

திரையில் வெள்ளை வராது, ஒன்றும் வரையாவிட்டால் கறுப்புதான். அந்த இரண்டு கல்லுக்கு நடுவில் மட்டும் எதையும் வரையாதே என்று நான்கு வரி எழுதினேன். ஓட்டினேன். அடிவாரத்திலிருந்து அழகாக ஏறி வந்த பச்சை மலை, ஏழாவது கல்லில் வெட்டினாற்போல் நின்றது. பிறகு மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புப் பட்டை. எட்டாவது கல்லில் மறுபடி மலை ஆரம்பித்தது. பின்வரிசை மங்கல் மலைகளும் என் கற்பனைதான், ஆனால் அவற்றின் மேல் யாரும் ரோடு போடப்போவதில்லை என்பதால் பட்டைக்கு வெளியே அவற்றைத் தொடவில்லை. மூன்று வார உழைப்பு நாசமாய்ப் போயிருந்தது. எனக்கு அழுகை வந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காளியம்மாள் தன் முந்தானையை நீட்டினார்.

மூன்று மணிக்கு அதிகாரி வந்தார். படத்தைப் பார்த்தார். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்றே நினைத்தார் பாவம். "என்னம்மா இது, பாதி மலைய காணோம்?"

சொன்னேன். முதல் படத்தில் இருந்த சரிவு அளந்தது இல்லை என்றும், அங்கே பள்ளம் என்று கீழூர் அம்மா சொல்கிறார் என்றும், அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் முகம் சிவந்துபோனது.

"அத நம்பித்தானே நான் ஃபைல் எழுதினேன்?"

"ஆமாங்க சார்."

"இப்ப பெரியவர் முன்னால என்னை முட்டாளாக்கப் போறியா? பழைய படத்தைப் போடு. மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்."

காலண்டர் தாள் என் கைப்பைக்குள்தான் இருந்தது. அந்த எண்ணைத் தட்டினால் ஒரு நிமிடத்தில் பழைய படம் வந்துவிடும். 'அழிஞ்சு போச்சு சார்' என்று பொய் சொல்லவும் வாய் வரை வந்தது. பொய் சொல்லியே சிக்கிக்கொண்டவளுக்கு இன்னொரு பொய் எம்மாத்திரம்? ஆனால் காளியம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பேச்சு முழுவதும் அவருக்குப் புரிந்ததா தெரியாது, கீழூர் என்ற பெயர் காதில் விழும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்.

"படம் இருக்குதுங்க சார். ஆனா போடமாட்டேன்" என்றேன்.

அவர் கத்தியிருப்பார். அதற்குள் வாசலில் மேளம் கேட்டுவிட்டது. பெரியவர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். மாலை, கைகுலுக்கல், போட்டோ. நேராக எங்கள் திரைக்கு முன்னால் வந்து நின்றார். நான் எதிர்பார்த்த அதே கேள்வியைக் கேட்டார்.

"மலை நல்லாயிருக்கு. நடுவுல கறுப்பா என்னம்மா அது?"

அதிகாரி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் வேலை ஊசலாடியது.

"அங்க இன்னும் யாரும் போய் அளக்கலைங்க சார். அதனால வரையலை."

"யாருமே போனதில்லையா?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் ஒரு கை உயர்ந்தது. "நான் தெனமும் அந்தப் பக்கந்தாங்க போறேன் சாமி" என்றார் காளியம்மாள். கூட்டம் சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. மூட்டையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், எந்த ஊர் என்று கேட்டார். பிறகு அதிகாரியிடம் திரும்பி, "இந்தம்மாவையே கூட்டிக்கிட்டுப் போய்ப் பாருங்க. அளந்துட்டு வந்து ஃபைலை அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்டாலுக்குப் போய்விட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதிகாரி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சில மாதங்கள் கழித்து என் தற்காலிக வேலை நீட்டிக்கப்படவில்லை. அநியாயம் என்று நான் நினைக்கவில்லை. அவர் என்னை நம்பினார், நான் அவரைக் கவிழ்த்தேன். முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் கேட்டிருப்பார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். ட்ரேசர் மட்டும் அன்றிலிருந்து என்னோடு பேச ஆரம்பித்தாள், பேச்சு என்று சொல்ல முடியாது, சண்டைதான். பிறகு அங்கே இருந்தவரை நான் எழுதிய எந்தப் படத்தையும் அவள் ஒருமுறை பார்த்து, "இதுல எது அளந்தது, எது நீ போட்டது?" என்று கேட்காமல் வெளியே அனுப்பியதில்லை. உங்களுக்கு அப்படி ஓர் ஆள் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பிடிக்காத ஆளாக இருந்தால் இன்னும் நல்லது.

மலையைத் திருத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருத்துங்கள், அழகுபடுத்துங்கள், அதற்குத்தானே இந்தத் தொழிலுக்கு வந்தோம். ஆனால் திரையில் இருப்பதைப் பார்த்து ஒருவர் முடிவெடுக்கப் போகிறார் என்று தெரிந்த நிமிடமே கையை எடுத்துவிடுங்கள். எது தெரியாதோ அது தெரியாது என்று படத்திலேயே தெரியட்டும். அசிங்கமாகத்தான் இருக்கும். யாராவது கேட்பார்கள். கேட்கட்டும், அதற்காகத்தானே அப்படி விட்டது.

அந்த மலைக்கு நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானே லீவு போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டேன். அளக்க வந்தவர் ஓர் இளம் பொறியாளர், மாரண்டஹள்ளிக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். காளியம்மாள் அடிவாரத்தில் காத்திருந்தார். "எங்க ஊர் வழியா போயிரலாங்க, சுலுவா இருக்கும்" என்றார். பொறியாளர் கேட்கவில்லை. "ஃபைல்ல நேர் வழிதானே இருக்குது, நேராவே போவோம்" என்று ஏறினார். ஒவ்வொரு கல்லாகத் தாண்டினோம். ஏழாவது கல்லில் மூச்சு வாங்க நின்றோம். அதற்கு மேல் புதர். ஆள் ஒருவர் அரிவாளால் வெட்டிக்கொண்டே முன்னால் போக, பொறியாளர் அவர் பின்னால் போனார். திடீரென்று "அய்யோ தேவ்ரே" என்று அவர் கன்னடத்தில் கடவுளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

புதர் முடிந்த இடத்தில் மலையும் முடிந்திருந்தது. காலுக்கு நேர் கீழே மரங்களின் உச்சிகள் அசைந்தன. அந்தப் பக்கக் கரைப் புதருக்கும் மேலே, தூரத்தில் சுண்ணாம்பு அடித்த எட்டாவது கல் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. என் முழங்கையைக் காளியம்மாள் பிடித்துக்கொண்டிருந்தார், எப்போது பிடித்தார் என்றே தெரியவில்லை. பொறியாளர் ஒரு கல்லை எடுத்துக் கீழே போட்டார். சத்தம் வரும் என்று நின்றோம். வரவில்லை. இன்னொன்றைப் போட்டார்.

பிறகு நோட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, "உங்க ஊருக்கு எப்படிம்மா போகணும்?" என்று கேட்டார்.

காளியம்மாள் என் கையை விட்டுவிட்டு, ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தார்.